இன்னொரு மருந்து

வெர்லின் வருவதற்கு முன்பே லோர்னா மேசையைத் துடைத்து, தன் கண்ணாடியையும் கால்குலேட்டரையும் எடுத்து வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒரு முறை, நவம்பரில், அவன் இந்த வீட்டுக்கு வருவான். அமெரிக்காவின் வடக்கில், டலூத் என்ற ஏரித் துறைமுகத்தில், இரும்புத் தாதுக் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றும் இடத்தில் அவனுக்கு வேலை. அடுத்த வருடத்துக்கு எந்த மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று ஆட்கள் தேர்ந்தெடுத்துச் சொல்ல நிர்வாகம் இரண்டு வாரம் அவகாசம் கொடுக்கும். அதில் வரும் முதல் சனிக்கிழமை அவர்கள் இருவருடையது. கிறிஸ்துமஸுக்குக்கூட அவன் வருவதில்லை.

அவன் வீட்டை விட்டுப் போய் நான்கு வருடமாகிவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்தில், ஜோனெல் என்ற பெண்ணோடு இருக்கிறான். சண்டை போட்டுப் பிரியவில்லை. அவன் விஷயத்தைச் சொன்னான், அவள் சரி என்றாள், அவன் வண்டியில் இரண்டு பெட்டிகளை ஏற்றினான். பெட்டியைத் தூக்க அவளும் ஒரு கை கொடுத்தாள். சட்டப்படி மட்டும் இன்னும் கணவன் மனைவி.

காரணம் தெருவுக்கே தெரியும். லோர்னாவுக்கு நரம்பில் நோய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அரை நாள் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை ஏற்றும் மருந்தின் விலைக்கு நல்ல கார் ஒன்று வாங்கலாம். பள்ளி நூலகத்தில் அவள் பார்க்கும் அரை நாள் வேலைக்குக் காப்பீடு கிடையாது. விவாகரத்து ஆனால் வெர்லினின் காப்பீட்டிலிருந்து அவள் பெயர் போய்விடும். அதனால் ஆகவில்லை. யாராவது கேட்டால் "இன்ஷூரன்ஸுக்காக" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேட்டவர் தலையாட்டிவிட்டு வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். இப்படி இருக்கும் இன்னும் இரண்டு ஜோடிகளை லோர்னாவுக்கே தெரியும்.

வெர்லின் பின்பக்கக் கதவு வழியாக வந்தான். பூட்ஸைக் கழற்றி, எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தான். ஒரு கையில் நிர்வாகம் அனுப்பிய தடித்த புத்தகம். மறு கையில் வெள்ளித்தாள் மூடிய ஒரு தட்டு.

"என்ன அது?"

"எலுமிச்சை கேக். ஜோனெல் குடுத்துவிட்டா."

"எதுக்கு இதெல்லாம்? அவளுக்கு வேற வேலையில்லையா?"

"நானும் அதான் சொன்னேன்."

"நீ சொல்லியிருக்க மாட்ட. தட்டை வாங்கிக்கிட்டு தலையாட்டிட்டு வந்திருப்ப."

வெர்லின் சிரித்தான். "எப்படி இருக்க?"

"மோசமில்ல. நீ?"

"மோசமில்ல."

நான்கு வருடத்தில் ஜோனெல் எதையும் கொடுத்து அனுப்பியதில்லை. லோர்னா வெள்ளித்தாளை நீக்கிப் பார்த்தாள். மேலே தூவிய சர்க்கரை அழகாக இருந்தது. ஆனால் துண்டுகள் கோணலாக இருந்தன, ஓரங்கள் நசுங்கியிருந்தன. கத்தியை விரல்களால் பிடிக்காமல் உள்ளங்கையால் அழுத்தி வெட்டியதுபோல. அவளே அப்படித்தான் வெட்டுவாள், இடது கை சரியில்லாத நாட்களில். அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. காபி ஊற்றினாள்.

வெர்லின் அவளுடைய கோப்பையைத் தன் பக்கமிருந்து தள்ளும்போது, கைப்பிடியை அவளுடைய வலது கைப்பக்கம் திருப்பி வைத்தான். இடது கையின் மூன்று விரல்களில் அவளுக்கு உணர்ச்சி கிடையாது. சூடு தெரியாது. ஒரு முறை தோல் பொசுங்கிய வாடை வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அது அவன் இந்த வீட்டில் இருந்த காலத்தில் நடந்தது. அதிலிருந்து கைப்பிடியைத் திருப்பி வைப்பது அவன் பழக்கம். யார் வீட்டில் இருக்கிறோம் என்பதெல்லாம் அந்தப் பழக்கத்துக்குத் தெரியாது.

புத்தகத்தை விரித்தார்கள். இந்த வருடமும் மூன்று திட்டங்கள், நீலம், பச்சை, மஞ்சள். ஒவ்வொன்றிலும் மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பது ஒன்று, வருட ஆரம்பத்தில் நாமே முழுதாகக் கட்டித் தீர்க்க வேண்டியது ஒன்று, அதற்குப் பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் நம் பங்கு இன்னொன்று. மருந்துகளைப் படிப்படியாகப் பிரித்திருப்பார்கள். தலைவலி மாத்திரை முதல் படியில் இருக்கும். லோர்னாவின் மருந்து கடைசிப் படி. அதற்கு மேல் படியே கிடையாது.

"மஞ்சள் மாசத்துக்கு ரொம்பக் கம்மியா இருக்கே," என்றான் வெர்லின்.

"ஒவ்வொரு வருஷமும் இதையே சொல்ற. மாசத்துக்குக் கம்மி, மருந்துக்கு நம்ம தலையில கட்டிடுவான். மஞ்சள் எல்லாம் இருபது வயசுப் பசங்களுக்கு."

"சரி, சரி. நீதான் வாத்தியார்."

"போன வருஷம் மருந்துக் கம்பெனி குடுக்கற உதவி அட்டையில கழியற பணத்தையும் நாம கட்டினதாக் கணக்குல சேர்த்தான். இந்த வருஷம் சேர்க்க மாட்டானாம். இங்க பாரு, பொடி எழுத்துல போட்டிருக்கான்."

"பொடி எழுத்துல நல்ல சேதி போட்டதா சரித்திரமே இல்ல."

அவள் எண்களை அழுத்தினாள். ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்து என்பதால் அவளுக்கு எப்போதும் பச்சைதான் சரிப்பட்டு வரும். இந்த வருடமும் பச்சைதான் வந்தது. போன வருடத்தைவிடக் கூடுதல், ஆனால் சமாளிக்கலாம். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். வழக்கமாக இந்த இடத்தில் வேலை முடிந்துவிடும். இன்னொரு காபி, மகள் எப்படி இருக்கிறாள் என்ற விசாரிப்பு, பிறகு அவன் வெளியே போய் குளிர்காற்று புகாதபடி ஜன்னல்களுக்கு வெளிக் கண்ணாடிப் பலகைகளை மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவான்.

இன்று அவன் புத்தகத்தை மூடவில்லை.

"இந்த ஊசி ஒண்ணு இருக்கே. பேனா மாதிரி. வீட்டுலயே தொடையில குத்திக்கறது. மூட்டு வாதத்துக்கு. அது எந்தப் படியில வருது?"

"எனக்கு எதுக்கு அது?"

"உனக்கில்ல. சும்மா."

"சும்மாவா? சும்மா பாக்கறதுக்கு இதுல படமா போட்டிருக்கான்?"

"வேலையில ஒரு ஆளு கேட்டான்."

"அவனுக்கும் இதே புத்தகம் வந்திருக்குமே, வெர்லின்."

"அவன்கிட்ட கண்ணாடி இல்ல."

சொல்லிவிட்டு அவனே காபிக் கோப்பைக்குள் பார்த்தான். முப்பது வருடம் கூடவே இருந்தும் அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஜோனெல் விஷயத்தைக்கூட மறைத்து வைக்கத் தெரியாமல்தான் அவன் வந்து சொன்னான்.

லோர்னா தட்டைப் பார்த்தாள். நசுங்கிய ஓரங்கள்.

"ஜோனெலுக்கு எப்பலேர்ந்து?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு, "ஏப்ரல் வாக்குல," என்றான். "விரலெல்லாம் வீங்கிடுச்சு. கத்தரி பிடிக்க முடியல. கடையை மூடிட்டா."

ஜோனெல் முடி திருத்துகிறவள். அது லோர்னாவுக்குத் தெரியும்.

"காப்பீடு?"

"இருந்ததை விட்டுட்டா, கடை போனதும். அந்த மாநிலத்துல விசாரிச்சோம். நான் கூட இருக்கறதால, வீடு அவ பேர்ல இருக்கறதால... ஒண்ணும் சரியா வரல. ஊசி விலையக் கேட்டு மருந்துக் கடையில நான் சிரிச்சிட்டேன் லோர்னா. அந்தப் பையன் பயந்துட்டான்."

"வலி அதிகமா?"

"காலையில சட்டை பட்டன் நான்தான் போட்டு விடறேன்."

நிர்வாகத்தின் காப்பீட்டில் ஒரு மனைவிக்குத்தான் இடம் உண்டு. அதை இருவரும் சொல்லவில்லை. மேசை மேல் புத்தகம் திறந்தபடி கிடந்தது.

"நான் ஒண்ணும் கேக்கல," என்றான் வெர்லின்.

"தெரியும்."

"நீ எதுவும் செய்யணும்னு இல்ல. அவளும் கேக்கச் சொல்லல. விலை என்னன்னு பாத்து வெச்சுக்கலாம்னுதான். வேற வழி ஏதாவது வந்துடும்."

"ம்."

"நான் போய் ஜன்னலை மாட்டிடறேன். இருட்டிடும்."

"கோட்டு போட்டுக்க."

மத்தியானம் இரண்டு மணிதான் ஆகியிருந்தது. அவன் வெளியே போனான். ஏணியைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது.

லோர்னா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தனக்குள் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தாள். கோபம் வரலாம். தன் விரலுக்கு வந்தது ஜோனெல் விரலுக்கும் வந்துவிட்டது என்று ஒரு அற்பமான திருப்திகூட வரலாம், யாருக்குத் தெரியப் போகிறது. டாக்டர் ஒவ்வொரு முறையும் சின்ன ஊசியால் அவள் விரல் நுனியைத் தொட்டு, தெரியுதா, தெரியுதா என்று கேட்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு இல்லை, இல்லை என்பாள். நாலாவது விரலில் தெரியுது என்பாள். இப்போதும் அப்படித்தான், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வெர்லின் விட்டுப் போனது. தெரியவில்லை. அவன் இன்னொருத்திக்குப் பட்டன் போட்டுவிடுவது. தெரியவில்லை. தன் மருந்து நின்றுபோனால்? அங்கே மட்டும் ஏதோ இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. பல் மருத்துவரிடம் போய்வந்த பிறகு மரத்துப்போன கன்னத்தைத் தட்டினால் தூரத்தில் கேட்குமே, அந்த மாதிரி.

மருந்து ஆரம்பிப்பதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவள் ஒரு மாதம் ஊன்றுகோலோடு நடந்தாள். ஒரு கண்ணில் புகை மூட்டமாக இருந்தது. மருந்து வந்த பிறகு ஊன்றுகோல் கீழ்த்தளத்துக்குப் போயிற்று. அக்டோபரில் ஏற்றியது அவள் உடம்பில் ஏப்ரல் வரைக்கும் இருக்கும். அதன் பிறகு?

அவள் போனை எடுத்தாள். மாநில அரசின் காப்பீட்டு உதவி எண்ணை, எதற்கென்று யோசிக்காமல், எப்போதோ போனில் பதிந்து வைத்திருந்தாள். இந்த மாதம் சனிக்கிழமையும் ஆள் இருப்பார்கள். நெடுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு சளி பிடித்த குரலில் ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம், நான் ராக்ஸான். சொல்லுங்க."

"ஒருத்தங்களுக்கு விவாகரத்து ஆச்சுன்னு வெச்சுக்குங்க. அதுவரைக்கும் கணவரோட கம்பெனிக் காப்பீட்டுல இருந்தாங்க. அவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"அந்த ஒருத்தங்க நீங்களா மேடம்?"

"இருக்கலாம்."

"சரி, இருக்கலாம்." ராக்ஸான் தும்மினாள். "மன்னிச்சுக்குங்க. வீட்டுல எத்தனை பேரு? சம்பளம் எவ்ளோ? உங்களோடது மட்டும் சொல்லுங்க, அவரோடது வேண்டாம்."

லோர்னா சொன்னாள். பள்ளி கொடுக்கும் அரை நாள் சம்பளம். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம்.

"உங்க சம்பளத்துக்கு அரசுக் காப்பீடு தாராளமா கிடைக்கும் மேடம். மாசம் கட்ட வேண்டியது ரொம்பக் கொஞ்சம்."

"என் மருந்தைப் பாருங்க. பேரை எழுத்தெழுத்தா சொல்றேன்."

சொன்னாள். மறுபடியும் பாட்டு. ஜன்னலுக்கு வெளியே வெர்லினின் கால்கள் ஏணியில் தெரிந்தன. ஒரு சாக்ஸ் சரிந்திருந்தது.

"இருக்கு மேடம். ஆஸ்பத்திரியில ஏத்தறதுதானே? உங்க பங்கு..." என்று ஒரு தொகையைச் சொன்னாள். இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிட்டால் ஆகும் தொகை.

"மாசத்துக்கா?"

"ஒரு தடவைக்கு. அவ்ளோதான். ஏன், இப்ப எவ்ளோ கட்றீங்க?"

லோர்னா சொன்னாள்.

"ஐயோ கண்ணு," என்றாள் ராக்ஸான்.

"இது இந்த வருஷம் வந்த திட்டமா?"

"இல்லயே. ரொம்ப வருஷமா இருக்கு. ஆனா புருஷன் கம்பெனியில இடம் இருக்கற வரைக்கும் நீங்க எங்ககிட்ட வர முடியாது. அது போச்சுன்னா தாராளமா வரலாம். தேதி முடிவானதும் கூப்பிடுங்க, நடுவுல ஒரு நாள்கூட விட்டுப்போகாம பாத்துக்கலாம்."

லோர்னா நன்றி சொல்லி வைத்தாள்.

நான்கு வருடம். எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவள் அவள். தக்காளி சூப் வாங்கக்கூட இரண்டு கடையின் விலையைப் பார்ப்பாள். வெர்லின் டயர் மாற்றுவதற்கு மூன்று ஊருக்குப் போன் போடுகிறவன். இந்த மேசையில் உட்கார்ந்து நீலத்தையும் பச்சையையும் மஞ்சளையும் அணா பைசாவாக ஒப்பிட்ட இரண்டு பேரும், நாலாவதாக ஒன்று உண்டா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதல் வருடமே அவன் விடுதலையாகியிருப்பான். அவளும்தான். அப்படியானால் இன்ஷூரன்ஸுக்காக என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது எது? அதற்கு ஒரு பெயர் வைக்க அவள் முயலவில்லை. வைத்தாலும் இப்போது அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. உதவி எண் தன் போனில் எப்படி வந்தது என்று மட்டும் ஒரு நொடி யோசித்தாள். நூலகத்தில் யாருக்கோ எழுதிக் கொடுத்ததாக இருக்கும்.

வெர்லின் உள்ளே வந்தபோது அவன் காதுகள் சிவந்திருந்தன. "மேற்குப் பக்கத்துல ஒண்ணு சரியா உக்காரல. துணி வெச்சு அடைச்சிருக்கேன்."

"உக்காரு. போன் போட்டேன்."

அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவன் தொகையை இரண்டு தடவை கேட்டான்.

"ஒரு தடவைக்கா?"

"நானும் அதான் கேட்டேன்."

"அப்போ இத்தனை வருஷமா..."

"ஆமா."

"நாம ஏன் அதைப் பாக்கல?"

"நீ பாத்தியா?"

"இல்ல."

"நானும் பாக்கல."

அவன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். அடுப்பறைக் கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு அதே இடத்தில் வருடக்கணக்காகத் தொங்கும் காலண்டரைப் பார்த்தான். இனி அவன் ஏதாவது சொல்லிவிடுவானோ என்று லோர்னாவுக்குப் பயமாக இருந்தது. இன்று முழுவதும் அவளுக்கு வந்த ஒரே பயம் அதுதான். அவன் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சினான். "குளிரு," என்றான்.

"ஏப்ரலுக்கு முன்னால முடிச்சிட்டா எனக்குப் பிரச்சினையில்ல. ரெண்டு பேரும் சேர்ந்து மனு போட்டா சீக்கிரம் ஆயிடும்னு பள்ளியில ஒருத்தி சொல்லியிருக்கா. அப்புறம் நீயும் ஜோனெலும் கோர்ட்டுலயே கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடிச்சுக்கலாம். பெரிய கேக்கெல்லாம் வெட்டணும்னு இல்ல."

"லோர்னா..."

"அவளோட ஊசிப் பேரைச் சொல்லு."

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தேடிப் படித்தான். அவள் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தின் பின்பக்கத்துக்குப் போனாள். விரலை ஓட்டினாள்.

"நினைச்சேன். பாத்தியா, வீட்டுல போட்டுக்கற ஊசி மருந்துக் கடைக் கணக்குல வருது, ஆஸ்பத்திரிக் கணக்குல இல்ல. பச்சையில இதுக்கு விலையில மூணுல ஒரு பங்கு கேக்கறான். நீலத்துல மாசத்துக்கு ஒரே தொகை, அதுக்கு மேல கிடையாது. அவளுக்கு நீலம்தான். நீ பழக்க தோஷத்துல பச்சையைப் போட்டுடாத."

"பச்சையைத்தான் போட்டிருப்பேன்," என்றான் வெர்லின்.

"தெரியும். அதான் சொல்றேன். அப்புறம், முதல் தடவை ஊசி வேணும்னு டாக்டர் எழுதினதும் முடியாதுன்னு சொல்லிடுவாங்க. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க. அவ அழுதுகிட்டு உக்கார வேண்டாம். மறுபடியும் எழுதச் சொல்லணும். ரெண்டாவது இல்லன்னா மூணாவது தடவை குடுத்துடுவாங்க."

"உனக்கும் மறுத்தாங்களா?"

"ரெண்டு தடவை."

"நீ என்கிட்ட சொல்லவேயில்லையே."

"நீ அப்ப பெட்டி கட்டிக்கிட்டு இருந்த."

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தான். அவளும் ஒன்று எடுத்தாள். பேசிக்கொண்டே சாப்பிட்டதில் கடைசியில் ஒரு துண்டு மிஞ்சியது. இந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. வெர்லின் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொண்டான். லோர்னா மீதியில் பாதியை எடுத்துக்கொண்டாள். அவன் அதிலும் பாதியை வெட்டினான். விரல் நகம் அளவில் ஒரு துணுக்கு தட்டில் கிடந்தது.

"நீ எடுத்துக்க."

"இல்ல, நீ எடுத்துக்க."

"எனக்குப் போதும்."

அவன் இரண்டு கைகளாலும் தொடையைத் தட்டிக்கொண்டு, "சரி, அப்போ," என்றான். அப்படிச் சொன்ன பிறகு கிளம்ப எப்போதும் அரை மணி நேரமாகும். கதவருகே நின்று பூட்ஸ் போட்டான். ஏரி எப்போது உறையும் என்று பேசினார்கள். மகள் இந்த மாதக் கடைசியில் வரும் நன்றி கூறும் நாள் விருந்துக்கு வரமாட்டாளாம் என்று பேசினார்கள். வெளியே வந்து வண்டி ஓரமாக நின்றும் பேசினார்கள்.

"அடுத்த நவம்பர்..." என்று ஆரம்பித்தான் வெர்லின்.

"அடுத்த நவம்பர் ஜோனெல் பாத்துப்பா."

"அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது."

"எனக்கு மட்டும் வந்துதா? கத்துப்பா."

"ஜன்னலு?"

"ஆள் வெச்சுக்கறேன்."

அவன் தலையாட்டினான். வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கினான். தட்டைக் கழுவித் தரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"தட்டு இருக்கட்டும்," என்றான் அவன்.

"இல்ல, குடுத்தனுப்பறேன். மான் குறுக்க வரும், பாத்துப் போ."

"சரி."

வண்டி தெருமுனையில் திரும்பும்வரை நின்றாள், ஏனென்றால் அதுதான் வழக்கம். உள்ளே வந்தாள். மேற்குப் பக்கத்து ஜன்னலில் அவன் அடைத்த துணி அவனுடைய பழைய சட்டைதான் என்று கண்டாள். கார் ஷெட்டில் எங்கோ கிடந்திருக்கும். அதை எடுக்கவில்லை. காற்று வராமல் இருந்தது.

தட்டைக் கழுவ எடுத்தபோது அந்தத் துணுக்கு அதில் இருந்தது. இடது கையால் எடுத்தாள். விரலில் எதுவும் இல்லாதது போலவே இருந்தது. எடுத்தோமா விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். வாயில் போட்டாள்.

எலுமிச்சை நன்றாகப் புளித்தது.